நியூவார்க் பழம்பொருள் சந்தைக்குக் கார் இல்லாமல் செல்வோர் எந்த ஊரில் தங்குவது?

வெண்கலக்குடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாட்டிங்காம்ஷயரில் நடைபெறும் நியூவார்க் பன்னாட்டுப் பழம்பொருள் சந்தைக்கு வரும் அக்டோபரில் நானும் என் கணவரும் செல்ல எண்ணியிருக்கிறோம். அப்போது லண்டன் ஹாரோவில் மகள் வீட்டில் இருப்போம். எங்கள் இருவருக்கும் அறுபது வயது கடந்துவிட்டது. இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. மகளையோ மருமகனையோ வார நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களை அழைத்துப் போகச் சொல்லவும் மனமில்லை. ஆகவே புதன்கிழமை கிளம்பி, வியாழன் முழுவதும் சந்தையைச் சுற்றிவிட்டு, வெள்ளி காலையும் ஒரு முறை பார்த்துவிட்டு லண்டன் திரும்பலாம் என்று நினைக்கிறோம்.

எங்கள் குழப்பம் தங்கும் ஊரைப் பற்றியது. நியூவார்க் நகரம், லிங்கன், நாட்டிங்காம், கிராந்தம் ஆகிய நான்கையும் வரைபடத்தில் பார்த்துவிட்டோம். சவுத்வெல் என்னும் சிற்றூர் மிக அழகாக இருக்கிறது என்று மகளின் தோழி சொல்கிறார். வாங்க நினைப்பவை பெரிய பொருட்கள் அல்ல. எனக்குப் பழைய வரைபடங்களும் சிறு வெள்ளிப் பாத்திரங்களும். அவருக்குப் பித்தளைத் தராசும் எடைக்கற்களும். அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ட்ரென்ட்கரை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் இந்த மாவட்டத்திலேயே வசிப்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சந்தை நியூவார்க் ஊருக்குள் நடப்பதில்லை. ஊருக்கு வடகிழக்கே, விந்தோர்ப் கிராமத்தை ஒட்டி, ஒரு காலத்தில் விமானப்படைத் தளமாக இருந்த 84 ஏக்கர் கண்காட்சித் திடலில் நடக்கிறது. கடைகள் 2,500 வரை இருக்கும் என்று நடத்துவோர் கூறுகிறார்கள். ஐரோப்பாவிலேயே இவ்வகையில் மிகப் பெரியது என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். திடலை நேரில் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் தயக்கம் இருக்காது. நியூவார்க்கின் நார்த்கேட் ரயில் நிலையத்திலிருந்து அங்கே இரண்டு, மூன்று மைல் தொலைவு இருக்கும். ஏ1, ஏ46, ஏ17 ஆகிய மூன்று பெரிய சாலைகளும் அந்தப் பக்கத்தில்தான் வந்து சேர்கின்றன. காரில் வருபவருக்கு அது வசதி. நடந்து வருபவருக்கோ அதுவே தடை. விந்தோர்ப் கிராமத்து வழியாக நடந்து போவோர் இருக்கிறார்கள் என்றாலும், கையில் பொருளுடன் திரும்புகையில் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே தங்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் அழகையோ விடுதியின் நட்சத்திரங்களையோ முதலில் பார்க்காதீர்கள். காலையில் கட்டிலிலிருந்து எழுந்து திடலின் வாசலுக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை முறை வண்டி மாற வேண்டும், மாலையில் சுமையோடு திரும்பும்போது அதே வழியில் எத்தனை படிக்கட்டுகள் ஏற வேண்டும் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். இந்த அளவுகோலை வைத்தால் உங்கள் பட்டியலில் முதலிடம் நியூவார்க்குக்குத்தான். அதிலும் நார்த்கேட் நிலையத்துக்கும் ஊர் நடுவிலுள்ள சந்தைச் சதுக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அறை கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். நிலையத்திலிருந்து சதுக்கத்துக்குப் பத்து, பதினைந்து நிமிட நடைதான், வழி சமதளமானது. சந்தை நாட்களில் நிலையத்துக்கும் திடலுக்கும் இடையே நடத்துவோர் பேருந்து விடும் வழக்கம் உண்டு. ஆனால் ஒவ்வொரு சந்தைக்கும் அதன் நேரமும் ஏற்பாடும் மாறக்கூடும் என்பதால், அந்த மாதத்து அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வழக்கமான ஊர்ப் பேருந்தை இதற்கு நம்ப வேண்டாம். டாக்சியானால் முதல் நாளே சொல்லிவைத்துவிட வேண்டும்; வியாழன் காலையில் நிலையத்து வாசலில் நின்று கையைத் தூக்கினால் வண்டி கிடைக்கும் என்று எண்ணக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஏ1 மற்றும் ஏ46 சாலையோர விடுதிகள் வரைபடத்தில் திடலுக்கு மிக அருகில் தெரியும். அவை கார்க்காரர்களுக்காகக் கட்டப்பட்டவை. நேர்க்கோட்டில் ஒரு மைல்கூட இல்லாத இடத்துக்குக்கூட, நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை வட்டச் சந்திப்பைக் கடந்துதான் போயாக வேண்டியிருக்கும். இரவு உணவுக்கும் அந்த விடுதியை விட்டால் வேறு வழி இருக்காது.

சவுத்வெல் உண்மையிலேயே அழகான ஊர்தான். அதன் தேவாலயத்தில் குருமார் கூடும் மண்டபத்தில் இலைகளைச் செதுக்கியிருக்கும் நுட்பத்தைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் போகலாம். ஆனால் அங்கே ரயில் நிலையம் கிடையாது. காலையில் பேருந்தில் நியூவார்க் வந்து, அங்கிருந்து மறுபடி திடலுக்கு வண்டி பிடிக்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம்.

மேட்டுத்தெரு எழுதியது:

ட்ரென்ட்கரை ஐயா சொன்ன அளவுகோலை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதே அளவுகோலின்படி லிங்கனும் அவ்வளவு பின்தங்கிவிடாது என்பதை விளக்க விரும்புகிறேன்.

லிங்கனிலிருந்து நியூவார்க் ஏறத்தாழ அரை மணி நேர ரயில் பயணம். வண்டி மாறத் தேவையில்லை. சந்தை வாரத்தில் நியூவார்க்கில் அறை கிடைப்பது எளிதல்ல. கடை போடும் வியாபாரிகளில் பலர் கிளம்பும்போதே அடுத்த சந்தைக்கும் சேர்த்து அறை சொல்லிவிட்டுப் போகிறவர்கள். மிஞ்சுகிற அறைகள் பெரும்பாலும் மதுக்கூடங்களின் மாடியில் இருக்கும். அல்லது இரு மடங்கு வாடகை கேட்கும். லிங்கன் பெரிய நகரம், பல்கலைக்கழகம் உள்ள ஊர், விடுதிகள் நிறைய. சைவ உணவுக்கும் அங்கே கவலையில்லை.

அதைவிட முக்கியமாக, பழம்பொருளில் ஆர்வம் உள்ளவருக்கு லிங்கனில் மாலை நேரம் வீணாகாது. ஸ்டீப் ஹில் என்னும் செங்குத்தான தெருவிலும் அதன் மேலே பெய்ல்கேட்டிலும் பழைய புத்தகக் கடைகளும் சிறு பழம்பொருள் கடைகளும் இருக்கின்றன. கோட்டைக்குள் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்தின் மூலப் பிரதிகளில் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை பிற்பகலில் வந்து சேர்ந்தால் பேராலயத்தையும் பார்த்துவிடலாம்.

ஆனால் அறை எடுக்கும் இடத்தில் மிகக் கவனமாக இருங்கள். விளம்பரங்களில் அழகாகத் தெரியும் விடுதிகள் பலவும் பேராலயத்தைச் சுற்றி, மலைமேல் இருக்கின்றன. ரயில் நிலையமோ கீழே இருக்கிறது. நடுவில் இருக்கும் ஸ்டீப் ஹில்லின் சரிவு ஏறக்குறைய ஏழடிக்கு ஓரடி. கல் பாவிய தெரு என்பதால் மழை பெய்தால் வழுக்கும். பிடித்துக்கொண்டு ஏறச் சுவரோரமாகக் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தையில் நாள் முழுக்க நடந்துவிட்டு, பித்தளைத் தராசைச் சுமந்துகொண்டு அந்தத் தெருவில் ஏறுவது அறுபது வயதினருக்கு உகந்ததல்ல. ஆகவே லிங்கன் என்றால் கீழ்நகரம் மட்டுமே. பிரேஃபோர்டு குளக்கரையிலோ, நிலையத்தைச் சுற்றியோ பாருங்கள். அங்கிருந்து நிலையம் சில நிமிட நடைதான், வழியில் ஏற்றமும் இல்லை.

பயணச்சீட்டு எழுதியது:

ஊரைப் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது ரயில் கட்டணம். இந்தத் தேர்வில் அதற்கும் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

கிங்ஸ் கிராஸிலிருந்து நியூவார்க் நார்த்கேட் நேரடி ரயிலில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஆகவே பலரும் லண்டனிலிருந்தே ஒரே நாளில் போய் வரலாமே என்று கேட்கிறார்கள். போய் வரலாம்; ஆனால் வியாழக்கிழமை வார நாள். சந்தை திறக்கும் வேளைக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் நெரிசல் நேர ரயிலில்தான் போக வேண்டும். அந்த நேரத்துக்கான, எந்த வண்டியிலும் செல்லத்தக்க சீட்டு மிக விலை கூடியது. புதன்கிழமை நண்பகலை ஒட்டிக் கிளம்பினால் காலை நெரிசலும் முடிந்திருக்கும், மாலைக் கட்டுப்பாடும் தொடங்கியிருக்காது. இந்த வித்தியாசத்தில் மிஞ்சும் பணம் அறை வாடகையின் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். ஹாரோ ஆன் த ஹில் நிலையத்திலிருந்து மெட்ரோபாலிட்டன் பாதையில் ஏறினால் மாறாமலே கிங்ஸ் கிராஸ் வந்துவிடலாம் என்பது உங்களுக்கு நல்வாய்ப்பு.

இருவருக்கும் அறுபது கடந்துவிட்டதால் முதியோர் ரயில் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கடவுச்சீட்டைக் காட்டி வெளிநாட்டவரும் வாங்கலாம். இணைந்து செல்லும் இருவருக்கான டூ டுகெதர் அட்டையும் அதே தள்ளுபடி தரும். ஒரே அட்டையை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அது வார நாட்களில் காலை 9.30 மணிக்கு முன் செல்லாது. லிங்கனில் தங்கினால் வியாழன் காலை நீங்கள் ஏற வேண்டிய ரயில் அந்த நேரத்துக்கு முந்தியது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. நியூவார்க்கில் இரண்டு ரயில் நிலையங்கள் உள்ளன. லண்டன் வழித்தடத்தில் இருப்பது நார்த்கேட். ஆற்றங்கரையில், இடிந்த கோட்டையின் எதிரே இருப்பது காசில். நாட்டிங்காமுக்கும் லிங்கனுக்கும் இடையே ஓடும் ரயில்கள் பெரும்பாலும் காசில் நிலையத்தில்தான் நிற்கும். இரண்டுக்கும் இடையே கால் மணி நேர நடை. சந்தைப் பேருந்து நார்த்கேட்டில் நிற்கிறது என்றால், லிங்கனிலிருந்து நார்த்கேட்டுக்கே வரும் ரயில் எது என்று தேடி அதில் ஏறுங்கள். காசிலுக்குப் போகும் லிங்கன் ரயில்கள், நார்த்கேட்டுக்கு வடக்கே லண்டன் பெருவழித்தடத்தைத் தரைமட்டத்திலேயே குறுக்காகக் கடக்கின்றன. பிரிட்டனின் அதிவேகத் தடத்தில் இப்படியொரு குறுக்குச் சந்திப்பு வேறெங்கும் இப்போது இல்லை. பெருவழி ரயில்களுக்கு வழிவிட்டு அங்கே காத்திருக்க நேரலாம் என்பதால், கடைசி நிமிடத்தைக் கணக்கிட்டு ஏறாதீர்கள்.

வெண்கலக்குடம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நிலையங்கள் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. மேட்டுத்தெரு அவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதும் என் கணவர் மலைமேல் பார்த்து வைத்திருந்த அறையை உடனே விட்டுவிட்டார்.

இன்னும் சில ஐயங்கள். வியாழனன்று நுழைவுக் கட்டணம் மிக அதிகமாக இருக்கிறதே, வெள்ளிக்கிழமை மட்டும் போனால் போதாதா? அப்படியானால் ஒரே ஒரு இரவுதான் தங்க வேண்டியிருக்கும். நாட்டிங்காமைப் பற்றி எவரும் எழுதவில்லையே, அது ஏன்? வாங்கிய பொருளை நாள் முழுவதும் கையிலேயே வைத்துக்கொண்டு எப்படிச் சுற்றுவது?

சிறுவெள்ளி எழுதியது:

அம்மா, நான் சிறு வெள்ளிப் பொருட்களை வாங்கி விற்பவன். காரும் வேனும் இல்லாமல் ரயிலிலேயே சந்தைகளுக்குப் போய் வருகிறவன். உங்கள் கேள்விகளில் முதலும் கடைசியும் என் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

வியாழனின் கட்டணம் வெள்ளிக்கிழமையைப் போல் பல மடங்கு. ஆனால் வியாழன் சீட்டில் வெள்ளிக்கிழமையும் உள்ளே போகலாம். வெள்ளி மட்டும் போதுமா என்பது நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேசை நாற்காலி, தோட்டத்துக் கற்சிலை போன்ற பெரிய பொருள் வாங்குவோருக்கு வெள்ளிக்கிழமை நல்ல நாள். மீண்டும் வேனில் ஏற்றிக்கொண்டு போக மனமில்லாத வியாபாரி விலையைக் குறைப்பார். சிறிய, நல்ல பொருட்களின் கதை வேறு. வெள்ளிப் பாத்திரம், வரைபடம், தராசு போன்றவற்றை வியாழன் காலை முதல் இரண்டு மணி நேரத்திலேயே மற்ற வியாபாரிகள் வாங்கிப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பாதிக் கடைகள் மூட்டை கட்டத் தொடங்கியிருக்கும். உங்கள் பட்டியலுக்கு வியாழன்தான் நாள், அதுவும் காலை. இதனால்தான் காலையில் திடலுக்கு எவ்வளவு எளிதாகப் போய்ச் சேரலாம் என்பதை ட்ரென்ட்கரை ஐயா அத்தனை அழுத்திச் சொல்கிறார். பத்து மணிக்குப் போய்ச் சேரும்படியான ஊரில் தங்குவதாக இருந்தால் வியாழன் கட்டணத்தைக் கொடுப்பதில் பொருளில்லை.

உங்கள் ஊர்த் தொடர்பு உள்ள ஒன்றைக் குறிப்பிடுகிறேன். மதராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த பி.ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடவுள் உருவங்களைப் புடைப்பாக அடித்த வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களைச் செய்து விற்றது. இங்கே அதைச் சுவாமி வெள்ளி என்றே அழைக்கிறார்கள். 1875-76இல் இளவரசர் எட்வர்டு இந்தியா வந்துபோன பிறகு அவற்றுக்கு இங்கிலாந்தில் பெரும் மதிப்பு ஏற்பட்டது. அத்தகைய பொருட்கள் இந்த நாட்டுப் பரண்களிலிருந்து இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. ஆங்கிலேய வெள்ளியில் இருக்கும் சிங்கமுத்திரை அதில் இருக்காது என்பதால், வெள்ளிப்பூச்சுப் பாத்திரங்களோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. பாத்திரத்தைத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். கைப்பிடி ஒட்டியிருக்கும் இடத்தில் பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் காலை வெளிச்சம் மங்கலாக இருக்கும். சிறிய டார்ச் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

சுமையைப் பற்றி. திடல் பெரும்பாலும் புல்தரை. நடுநடுவே பழைய ஓடுபாதையின் கான்கிரீட். விமானப் பயணப் பெட்டியின் சின்னச் சக்கரங்கள் ஈரப்புல்லில் பத்தடிகூட உருளாது. பெரிய சக்கரமுள்ள, மடக்கக்கூடிய டிராலிதான் சரி. கனமான பொருளை வாங்கினால் பணத்தைக் கொடுத்து, ரசீதில் கடையின் இட எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, மாலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள், எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாயிரம் கடைகளுக்கு நடுவே முகத்தை நினைவில் வைத்துத் தேடுவது நடக்காது. பார்சல் அனுப்புவதானால், ராயல் மெயில் 20 கிலோ வரைக்கும், பார்சல்ஃபோர்ஸ் 30 கிலோ வரைக்கும் ஏற்றுக்கொள்ளும். நியூவார்க்கில் தங்கினால் வெள்ளி காலை அஞ்சலகத்துக்குப் போய் எடைக்கற்களை ஹாரோவுக்கு அனுப்பிவிட்டு, கையை வீசிக்கொண்டு ரயில் ஏறலாம். இங்கிலாந்தின் சிறு நிலையங்களில் பெட்டி வைத்துவிட்டுப் போகும் அறை பொதுவாக இருப்பதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்தபின் பெட்டியைப் பிற்பகல்வரை வைத்திருப்பார்களா என்று விடுதியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எனக்கு விடுதியைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வியே அதுதான்.

ட்ரென்ட்கரை எழுதியது:

நாட்டிங்காமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய நகரம், அறைகள் மலிவு, டிராம் வசதி உண்டு, சைவ உணவுக்குக் குறைவே இல்லை. காசில் நிலையத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம்தான். ஆனால் வந்து இறங்குவது காசிலில். அங்கிருந்து திடல் இன்னும் தள்ளிப் போகிறது. வேறு எங்கும் அறை கிடைக்காதபோது நல்ல மாற்று. நகரின் கூஸ் ஃபேர் திருவிழா செப்டம்பர் இறுதியையும் அக்டோபர் தொடக்கத்தையும் ஒட்டி நடக்கும். உங்கள் தேதி அதனோடு மோதினால் மலிவு என்ற ஒரு நன்மையும் போய்விடும்.

கிராந்தமிலிருந்து நார்த்கேட்டுக்கு விரைவு ரயிலில் பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். எண்ணிப் பார்த்தால் நேரத்தில் லிங்கனைவிட அதுவே அருகில் இருக்கிறது. இறங்குவதும் சரியான நிலையத்தில். ஆனால் அது லண்டன் பெருவழி ரயில். ஒரு வண்டி தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரலாம். வடக்கேயோ தெற்கேயோ எங்கு கோளாறு நேர்ந்தாலும் அந்தத் தாமதம் இங்கே வந்து சேரும். மாலையில் ஊரில் பார்க்கவும் அதிகமில்லை. எனவே கிராந்தமுக்கு மூன்றாம் இடம் தருவேன்.

மேட்டுத்தெரு அவர்கள் லிங்கனுக்காக வாதாடியதை மதிக்கிறேன். இருந்தாலும் நியூவார்க்கின் மாலையையும் குறைத்து எண்ண வேண்டாம். சதுக்கத்தில் நின்றால் ஒரு பக்கம் 1776இல் ஜான் கார் கட்டிய நகர மண்டபம். இன்னொரு பக்கம், வீடுகளின் கூரைகளுக்கு மேலே மேரி மக்தலேன் தேவாலயத்தின் 236 அடிக் கூர்ங்கோபுரம். ஆற்றங்கரைக் கோட்டையில்தான் ஜான் மன்னர் 1216இல் இறந்தார். மாக்னா கார்ட்டாவை லிங்கனில் பார்க்கலாம். அதற்கு முத்திரையிட்ட மன்னர் உயிர்விட்ட இடம் இங்கே இருக்கிறது. 2015இல் திறந்த உள்நாட்டுப் போர் அருங்காட்சியகமும் நடந்தே போகும் தூரத்தில். சதுக்கம் உருண்டைக் கல் பாவியது என்பதை மட்டும் டிராலி வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஓரத்து நடைபாதையிலேயே சுற்றிச் செல்லுங்கள். பழைய விடுதிகளில் லிஃப்ட் இருக்காது. தரைத்தளமோ முதல் மாடியோ வேண்டும் என்று அறை சொல்லும்போதே கேளுங்கள். சிற்றூர் என்பதால் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் பல சமையலறைகள் மூடிவிடும். இந்திய உணவகங்கள் உண்டு. திடலில் சைவத்துக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் சிப்ஸும் கிடைக்கும் என்றாலும், மதியத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துச் செல்வது உத்தமம்.

தென்கரை எழுதியது:

இழையின் பொருளிலிருந்து விலகாமல் ஒரு மாற்றையும் முன்வைக்கிறேன். லண்டனில் தங்கியிருப்பவர்கள் நியூவார்க்குக்குத்தான் போயாக வேண்டுமா? மேற்கு சசெக்ஸின் ஆர்டிங்லியில், தென் இங்கிலாந்துக் கண்காட்சித் திடலில் அதே நிறுவனத்தார் நடத்தும் சந்தை செவ்வாய், புதன் கிழமைகளில் நடக்கிறது. நியூவார்க்கைவிடச் சிறியது என்றாலும், ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாத அளவு பெரியது. நிலையம் ஹேவர்ட்ஸ் ஹீத். அங்கிருந்து திடல் சில மைல். தங்குவதற்கு லூயிஸ் நகரத்தைச் சொல்வேன். அங்கிருந்து ஹேவர்ட்ஸ் ஹீத்துக்கு நேரடி ரயில் உண்டு, ஊருக்குள்ளேயே பழம்பொருள் கடைகளும் நிறைய. ஆனால் அதுவும் மேடு பள்ளமான ஊர்தான். நிலையத்துக்கு அருகில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கவே வேண்டாம் என்பவர்களுக்கு சன்பரியில் கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் செவ்வாயும் கடைசிச் செவ்வாயும் அங்கே சந்தை. வாட்டர்லூவிலிருந்து வரும் ரயில் திடலின் பக்கத்திலேயே நிற்கும். விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் அடங்கிவிடும்.

சிறுவெள்ளி எழுதியது:

தென்கரை சொன்ன இரண்டும் நல்ல சந்தைகள். கெம்ப்டனுக்கு நானும் போகிறவன்தான். கார் இல்லாதவர்களுக்கு அதைவிட எளிதான சந்தை இங்கிலாந்தில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தராசும் எடைக்கற்களும் தேடும் ஒருவரை அங்கே அனுப்பி நியூவார்க்குக்கு ஈடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் வடக்கிலும் நடுவிலும் இருந்து வரும் வியாபாரிகள் பழைய ஆலைகளின், கடைகளின், பண்ணைகளின் சாமான்களைக் கொண்டுவந்து கொட்டும் இடம் நியூவார்க். ஒரே வரிசையில் பல கடைகளில் தராசுகளை அடுக்கி வைத்திருப்பார்கள்; விலையை ஒப்பிட்டுப் பேரம் பேச அது ஒன்றே போதும். முதல் முறை வருபவர்கள் நியூவார்க்கை விட்டுவிட வேண்டாம்.

மேட்டுத்தெரு எழுதியது:

மாதத்தைப் பொறுத்தும் பதில் மாறும் என்பதைச் சேர்த்துவிடுகிறேன். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். லிங்கனிலிருந்து வந்து போவதில் எந்தச் சிரமமும் இல்லை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; இருட்டில், குளிரில், ரயில் மேடையில் சுமையுடன் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் டிசம்பர் சந்தைக்கு நானே நியூவார்க்கில்தான் அறை தேடுவேன். அக்டோபர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆறு மணிவரை வெளிச்சம் உண்டு. மழை மட்டும்தான் உறுதியில்லை. உங்களுக்கு நியூவார்க்கில் தரைத்தளத்து அறை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் லிங்கன் கீழ்நகரம்.

வெண்கலக்குடம் எழுதியது:

உங்கள் எல்லோரின் பதில்களையும் என் கணவர் தாளில் குறித்துக்கொண்டார். இன்று காலை தொலைபேசியில் பேசி, நார்த்கேட் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், நியூவார்க்கிலேயே ஓர் அறையைப் புதன், வியாழன் இரண்டு இரவுகளுக்கும் சொல்லிவிட்டோம். முதல் மாடிதான், லிஃப்ட் இல்லை. ஆனால் பெட்டியையும் வாங்கிய பொருட்களையும் வெள்ளி பிற்பகல்வரை கீழேயே வைத்துக்கொள்வதாக அந்த அம்மையார் ஒப்புக்கொண்டார். காலை உணவை ஏழு மணிக்கே தருவதாகவும் சொன்னார். சந்தைக்கு வருபவர்கள் எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பார்களாம். முதியோர் ரயில் அட்டைக்கு மகள் விண்ணப்பித்துவிட்டாள். திரும்பும் ரயிலுக்கு மட்டும் இன்னும் சீட்டு எடுக்கவில்லை. குறிப்பிட்ட வண்டிக்கான முன்பதிவுச் சீட்டு விலை குறைவாக இருக்கிறது, எடுக்கலாமா?

பயணச்சீட்டு எழுதியது:

போகும் பயணத்துக்கு முன்பதிவுச் சீட்டு சரி அம்மா, திரும்பும் பயணத்துக்கு வேண்டாம். முன்பதிவுச் சீட்டு அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். திடலிலிருந்து பேருந்து தாமதமாகலாம், அஞ்சலகத்தில் வரிசை நீளலாம், நல்ல தராசு ஒன்று கடைசி நேரத்தில் கண்ணில் படலாம். நெரிசலற்ற நேரத்துக்கான சாதாரணச் சீட்டு சற்று விலை கூடுதல்தான்; ஆனால் வெள்ளி பிற்பகலில் லண்டன் நோக்கிச் செல்லும் எந்த வண்டியில் ஏறலாம் என்பதை அது உங்கள் விருப்பத்துக்கு விடும். சீட்டில் எழுதியுள்ள நேரக் கட்டுப்பாட்டை வாங்கும்போதே படித்துக்கொள்ளுங்கள். முதியோர் அட்டையின் தள்ளுபடி அதற்கும் உண்டு. வெள்ளி மாலை ரயில்களில் கூட்டம் அதிகம் என்பதால் இருக்கையை மட்டும் தனியாகப் பதிவு செய்துவையுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. டிராலியை வைக்கப் பெட்டியின் கதவோரத்தில் அடுக்கு இருக்கும். அது முதல் சில நிலையங்களிலேயே நிரம்பிவிடும் என்பதால், மேடையில் உங்கள் பெட்டி நிற்கும் இடத்தை முன்பே கேட்டறிந்து அங்கே போய் நின்றுகொள்ளுங்கள்.